நெஞ்சுவலியை 'கேஸ்' என நினைத்து ஏமாறுவது ஏன்? டாக்டரிடம் எப்படிச் சொல்லணும்?

ராத்திரி 11 மணி. மேல்வயிறு எரியுது, நெஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு, உடம்பெல்லாம் வேர்க்குது. "பரோட்டா சாப்பிட்டீங்கல்ல, கேஸா இருக்கும்" என்று வீட்டில் சோடாவை நீட்டுவார்கள். பக்கத்து கிளினிக்கிலும் பல நேரம் இதேதான்: ஒரு ஊசி, ஒரு அசிடிட்டி மாத்திரை, "காலைல பாப்போம்".

உண்மையிலேயே அது கேஸ் என்றால் பிரச்னை இல்லை. மாரடைப்பாக இருந்தால்?

மருத்துவத்தில் தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகளில் சுமார் 16 சதவீதம், நோயைத் தவறாகவோ தாமதமாகவோ கண்டுபிடிப்பதால் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024-ஆம் ஆண்டின் நோயாளி பாதுகாப்பு தினத்துக்கு இதையே கருப்பொருளாக எடுத்தது.

டாக்டருக்குத் தெரியாதா?

தெரியும். மாரடைப்பின் அறிகுறி தெரியாத டாக்டர் இல்லை. முதலில் தோன்றும் பதிலிலேயே மனசு நின்றுவிடுவதுதான் சிக்கல். நாமே உள்ளே நுழையும்போது "கேஸ் ட்ரபிள் டாக்டர்" என்று ஆரம்பித்தால், அடுத்த கேள்விகளும் சாப்பாட்டைச் சுற்றியே போகும். வெளியே கூட்டம் வேறு. இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாக 2 நிமிடம்தான் என்றது 2017-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு. அதே ஆய்வில் ஸ்வீடனுக்கு 22 நிமிடத்துக்கும் மேல்!

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, காரணமில்லாத அசதி என்று மாரடைப்பு வரலாம். சின்ன வயசு என்றால் சந்தேகமே வருவதில்லை.

இன்னொன்று, மாத்திரை போட்டதும் வலி குறைந்தால் "அப்போ கேஸ்தான்" என்று முடிவு கட்டுகிறோம். மாரடைப்பு வலியும் அப்படித் தணிந்தது போல் இருக்கலாம்.

ஈசிஜி நார்மல் என்றால் நிம்மதியா?

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கணும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் முதல் ஈசிஜி நார்மலாக வந்தும் மாரடைப்பு இருக்கலாம். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையிலும் மாற்றம் தெரிய சில மணி நேரம் ஆகலாம். அதனால்தான் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள். ஒரே ஒரு 'நார்மல்' சீட்டோடு வீட்டுக்குக் கிளம்புவதில்தான் ஆபத்து.

தமிழ்நாடு என்ன செய்தது?

சின்ன மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, உடனே சிகிச்சைக்கு வழி செய்யும் முறை இங்கே பரிசோதிக்கப்பட்டது. 2,420 பேரிடம் நடந்த அந்த ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவியாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் "இது இதயமா இருக்குமோ" என்று யாராவது சந்தேகப்படாவிட்டால், அந்த 14 மாத்திரையும் டப்பாவிலேயே கிடக்கும்.

நீங்க என்ன சொல்லணும்?

நோயின் பெயரைச் சொல்லாதீங்க, நடந்ததைச் சொல்லுங்க. "10 மணிக்கு ஆரம்பிச்சது, இடது கை வரைக்கும் வலி வருது, வேர்த்துச்சு, சுகர் இருக்கு, அப்பாவுக்கு 50 வயசுல அட்டாக் வந்துச்சு." பிறகு தயங்காமல் கேளுங்க: "ஈசிஜி எடுத்துடலாமா? வேற என்னவா இருக்கலாம்? திரும்ப எப்போ டெஸ்ட் பண்ணணும்?"

பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், 108-ஐ கூப்பிடுங்க. பழைய ஈசிஜி இருந்தால், தேதி தெரியும்படி போட்டோ எடுத்து செல்போனில் வையுங்க. புதுசோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கு அது உதவும்.