போலீஸ் காட்சிசாலையும் கிட்டியும்

சென்னை எழும்பூரிலுள்ள பழைய கமிஷனர் ஆபீசுக் கட்டடம் 2021-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் போலீஸ் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. துப்பாக்கிகளும் உடுப்புகளும் பொதுஜனங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அங்கு போகும் தோழர்கள் இந்தப் போலீசு எதற்காக ஏற்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டு போகவேண்டுமென்று ஆசைப்படுகிறோம்.

கம்பெனி ஆட்சியில் வரி வசூலிப்பவரும் தாசில்தார். போலீசு அதிகாரம் செலுத்துபவரும் அவரே. வரி கொடுக்க வகையற்ற குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெருக்கினார்கள். கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைத்தார்கள். 1855-ல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் கமிஷன் ரிப்போர்ட்டே இதை ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் 1859-ம் வருஷத்து 24-வது சட்டப்படி வரி உத்தியோகம் வேறு, போலீசு வேறு என்றாயிற்று.

ஆகவே அடித்து வதைப்பதை ஒழிப்பதற்கென்று வந்த போலீசு இது. அப்படியிருக்க, சாத்தான்குளம் போலீசார் பிடித்துப்போன தந்தையும் மகனும் 2020 ஜூனில் மாண்டார்களே, அது ஏன்? சட்டம் மாறியதே ஒழிய புத்தி மாறவில்லை. உடுப்புப் போட்டவர் செய்தால் சரியாய்த்தானிருக்கும் என்று கைகட்டி நிற்கும் நமது புத்தியும் மாறவில்லை. கிட்டிக்கு உரிய இடம் காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிதான். ஸ்டேஷனுக்குள் அதன் பேரப்பிள்ளைகள் இருக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.