ஃபில்டரைக் கழற்ற வேண்டிய ஆறு நிமிடம்

2027 ஆகஸ்டு 2-இல் எகிப்தின் லுக்சோர் பக்கம் ஆறு நிமிடத்துக்கும் மேல் முழுச் சூரிய கிரகணம். வீடியோ எடுக்கப் புறப்படுகிறவர்களுக்குப் கெடாவின் பண்டார் பாருவில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஃபில்டரை மாட்டு, ஆட்டோவில் விடு, எதையும் தொடாதே."

இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2016 மார்ச்சிலும் 2019 டிசம்பரிலும் கெடாவில் நாம் பார்த்தது கடித்த பிஸ்கட் மாதிரியான பகுதி கிரகணம். அதற்கு ஃபில்டர் கடைசிவரை இருக்கத்தான் வேண்டும். அலோர் ஸ்டாரில் முழுக் கிரகணத்தால் பட்டப்பகலில் இருட்டியது 1929 மே 9-இல். அதைப் பார்த்துச் சொல்லித்தர இன்று யார் இருக்கிறார்கள்?

சூரிய ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். சூரியன் முழுதாக மறைந்ததும் தெரியும் கொரோனாவோ, உட்பக்கத்திலேயே ஏறக்குறைய பௌர்ணமி நிலவின் பிரகாசம்தான். ஃபில்டரோடு எடுத்தால் ஆறு நிமிடக் கறுப்புத் திரை வீட்டுக்கு வரும். சூரிய விளிம்பில் மின்னும் கடைசி ஒளிமுத்து அணைந்ததும் கழற்ற வேண்டும். மறுபக்கம் முத்து முளைப்பதற்குள் மாட்டிவிட வேண்டும். இதில் மட்டும் அசட்டை கூடாது, கேமராவும் போகும், கண்ணும் போகும்.

ஆட்டோ? 2019-இல் நானும் அப்படித்தான் விட்டேன். திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் சின்னச் சூரியன். கேமரா இருட்டென்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. கடித்த ஓரமெல்லாம் மழுங்கி, ஆவி பறக்கும் இட்லி! மேகம் கடக்கும்போதெல்லாம் ஃபோகஸ் வேறு அலைந்தது.

"சரி, மேனுவலில் ஒரு செட்டிங்கைப் பூட்டிவிடு" என்பார்கள், விஷயம் தெரிந்தவர்கள். எந்த ஒன்றை? எஃப் 5.6, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் கொரோனாவின் உட்பகுதி கிடைக்கும். வெளியே விரியும் இழைகளுக்கு ஐஎஸ்ஓ 1600 வேண்டும். விளிம்பில் எழும் செந்தழலுக்கோ ஷட்டரை 1/1600-க்குக் கொண்டுபோக வேண்டும். இந்தச் சிக்கல் புதிதல்ல: 1929-இல் அலோர் ஸ்டாரை இருட்டாக்கிய அதே நிழல் கடந்த சுமத்ராவின் தாகெங்கோனில், சூரியனருகே ஒளி வளையும் என்ற ஐன்ஸ்டைன் கணக்கைச் சோதிக்க ஜெர்மன் வானியலாளர் ஃப்ராய்ண்ட்லிஹின் குழு சூரியனருகே நட்சத்திரங்களைப் படமெடுத்தது. நட்சத்திரம் பதியும்வரை தகட்டைத் திறந்து வைத்தால் உள் கொரோனா வெளுத்துப்போகும். எது வேண்டும் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும்.

"எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம்" என்பதற்குப் பதிலே வேண்டாம். வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது.

ஒத்திகைக்கு எகிப்து போக வேண்டியதில்லை. பௌர்ணமியன்று கிரியான் ஆற்றோரம் செம்பனைக்கு மேல் நிலா ஏறும்போது ட்ரைபாடை நிறுத்தி, பார்க்காமலே ஃபில்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை 11 விநாடி ஆனது. ட்ரைபாடும் ஆடி, நிலா திரையை விட்டே போய்விட்டது.