கழற்றுவதும் பராமரிப்பே

சென்ற ஆண்டு மே மாதம் முழுவதும் என் மேசைக்கணினி நண்பகல் வேளைகளில் தானாகவே அணைந்துகொண்டிருந்தது. செயலியின் சூடு எல்லை கடந்தால், தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி அவ்வாறு அணைவது இயல்பு. யாரைக் கேட்டாலும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: இன்னொரு விசிறி வாங்கிப் பொருத்துங்கள். சூடு என்றதும் எதையேனும் கூட்டவே நமக்குத் தோன்றுகிறது. முதலில் குறைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அது 2008இல் வாங்கிய கணினி. பெட்டியைத் திறந்தபோது, தூசிப் படலத்துக்கு நடுவே ஒரு நெகிழ்வட்டு இயக்கி, தொலைபேசி வழி இணையத்துக்கான மோடம் அட்டை, முந்தைய கணினியிலிருந்து எடுத்துப் பொருத்திய 40 ஜிபி வன்தட்டு ஆகியவை இருந்தன. ஜப்பானில் சோனி நிறுவனம் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியதே 2011இல்! சும்மா இருக்கும் நெகிழ்வட்டு இயக்கி சூடு தருவதில்லை. ஆனால் அதன் அகன்ற நாடாவடம், முன்புறம் நுழைந்து பின்புறம் வெளியேற வேண்டிய காற்றைக் குறுக்கே நின்று மறித்தது. பழைய வன்தட்டோ, யாரும் அதனிடம் எதுவும் கேட்காதபோதும் சுழன்று சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. என் முதுகலை ஆய்வேடும், பாட்டியிடம் கேட்டெழுதிய ஒப்பாரிப் பாடல்களும் திஸ்கி எழுத்துருவில் அதற்குள் இருந்தன. உள்ளே இருக்கும்வரை அவை பத்திரம் என்று நம்பியிருந்தேன். உண்மையில் அவற்றை வெக்கையில் வைத்து வாட்டிக்கொண்டிருந்தேன். படியெடுத்தபோது இரண்டு கோப்புகள் திறக்கவேயில்லை. இரண்டும் ஒப்பாரிப் பாடல்கள். பாட்டி இன்று இல்லை.

மீந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் சேமித்த பின்னரே திருப்புளியை எடுத்தேன். மின்னிணைப்பைத் துண்டித்து, உடலில் தங்கிய நிலைமின் நீங்க உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, கருவிகளோடு அவற்றின் வடங்களையும் கழற்றினேன். மோடம் இருந்த இடத்தின் பின்புறத் திறப்பைத் தகட்டால் மூடினேன். இல்லையேல் காற்று வழிமாறிவிடும். தூசியையும் துடைத்தேன். இந்தக் கோடையில் கணினி ஒருமுறைகூட அணையவில்லை. தூசி நீங்கியதற்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. புதிய விசிறி தேவைப்படவில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

மிகைபடக் கூறலை நூற்குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் வைத்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். மாணவர்களின் கட்டுரைகளில் தயங்காமல் அடித்துத் திருத்தும் நான், என் மேசையடியில் இருந்த பெட்டியைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டுக் கணினியிலும் பழைய வன்தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கலாம். இந்த வாரமே படியெடுத்துவிடுங்கள். கழற்றுவது அதற்குப் பிறகு.