சித்தாளுக்கு இல்லையா பேறுகாலம்?

26 வாரம் ஊதியத்துடன் ஓய்வு! மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தி, வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு வழங்கப்பட்ட உரிமை இது. வரவேற்க வேண்டியதே. ஆனால், எந்தத் தாய்மாருக்கு? அதைத்தான் கேட்கிறோம்.

ஆலையிலே, அலுவலகத்திலே, பதிவேட்டில் பெயர் ஏறிய பெண்ணுக்கு உண்டு. தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கோ 2021 முதல் 12 மாதம். மகிழ்கிறோம், பொறாமை கொள்ளோம். கல் சுமக்கும் சித்தாளுக்கு? களை பறிக்கும் கூலிப் பெண்ணுக்கு? பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கும் தாய்க்கு? ஓராண்டில் 80 நாள் ஒரு முதலாளியிடம் உழைத்திருக்க வேண்டும் என்றது சட்டம். இன்று ஒரு மேஸ்திரி, நாளை வேறொரு மேஸ்திரி. எவரிடம் பெறுவாள் சான்று? சட்டம் இருக்கிறது ஏட்டிலே. சாந்துச் சட்டி இருக்கிறது அவள் தலையிலே!

அவளையும் எண்ணி 2013-ல் வந்தது உணவுப் பாதுகாப்புச் சட்டம். அரசு ஊழியர் போல் சம்பள விடுப்புப் பெறுவோர் நீங்கலாக, கருவுற்ற தாய் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தருக என்றது. 2017-ல் டில்லி வகுத்த திட்டமோ 5,000 என்றது. அதுவும் தலைப்பிள்ளைக்கு மட்டுமே என்றது. இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 என்றனர் 2022-ல். ஆணாகப் பிறந்தால்? ஒன்றுமில்லை! பெற்றவளின் பசி, பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்தா வருகிறது? மருத்துவமனைப் பிரசவ உதவியையும் சேர்த்தால் சராசரி 6,000 ஆகும் என்று கணக்குக் காட்டினர். சட்டம் சொன்னது சராசரியா? குறைந்தது 6,000 என்றல்லவா!

கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! 26 வாரம் என்றால் 182 நாள். 5,000 ரூபாயைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 27 ரூபாய் சொச்சம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழகம் வகுத்த திட்டம், ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட, 2018-ல் 18,000 ஆக உயர்ந்தது. டில்லியின் திட்டத்தைவிட மேல்தான். எனினும் நாளுக்கு நூறு ரூபாயை எட்டவில்லை. நம் மாநிலத் திட்டம் என்பதற்காக இதை மறைத்திட மாட்டோம்.

அரசு மனம் வைத்தால் ஆகாததா? தமிழகத்தில் 2001-03-ல், ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கையில் 134 தாய்மார் மாண்டனர். 2018-20-ல் அது 54. காத்தது கிரகமா, நேர்த்திக்கடனா? அல்ல! இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே விழித்திருக்கும் செவிலியர். அழைத்தால் ஓடிவரும் 108 வண்டி. ஆயினும் அதே காலத்தில் அண்டைக் கேரளத்தில் 19! மருத்துவமனை வாயில் ஏழைக்குத் திறந்துவிட்டது. ஓய்வின் வாயில்தான் பூட்டிக் கிடக்கிறது.

தாய்க்கு ஓய்வு தருவது நாட்டுக்கே நலன், அதன் சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்று 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். நூறாண்டு நெருங்குகிறது, வழக்கு முடியவில்லை!

நாம் கேட்பது இரண்டே. எத்தனையாவது பிள்ளை என்று கேளாமல், சட்டம் சொன்ன 6,000-ஐ டில்லி குறையாமல் தரட்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் வழியே, 26 வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி தரும் திட்டத்தை மாநில அரசு வகுக்கட்டும். செலவிலே டில்லியும் பங்கேற்கட்டும்.

உழைக்கும் தோழனே! உன் வீட்டுப் பெண் வாரியத்தில் பதிந்திருக்கிறாளா என்று இன்றிரவே பார். சங்கக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாக்கு. வாக்குக் கேட்டு வருபவர் நம்மவரே ஆயினும், இந்தக் கேள்வியைக் கேட்டிடு. ஊராருக்கு மாடி எழுப்பியவள், தன் பிள்ளையின் தொட்டிலருகே ஆறு மாதம் அமர்ந்திடக் கேட்கிறோம். சலுகை அல்ல அது, அவள் உழைப்புக்குரிய கூலி!