இறுக்கம் வேறு, பலம் வேறு

சென்ற ஆண்டு என் பேரனுடைய டெனிஸ் மட்டையின் நரம்பு அறுந்தது. கொழும்பிலுள்ள கடையொன்றிற் கொடுத்தோம். மறுநாளே புது நரம்பு பூட்டித் தந்தார்கள். "சம்பியன்மார் பாவிக்கிற நரம்பு, தம்பி. நல்லா இறுக்கிக் கட்டியிருக்கிறன்" என்றார் கடைக்காரர். பன்னிரண்டு வயதுப் பையன் பெருமையோடு வாங்கிக்கொண்டான். மூன்று வாரங்களின் பின், "அம்மப்பா, முழங்கை நோகுது" என்றான்.

மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். நான் மட்டையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். பத்திரிகைத் தொழிலில் ஊறியவனுக்கு விசாரிக்காமல் இருக்க முடிவதில்லை.

நரம்பு என்று நாம் சொல்வது காரணப்பெயர் போன்றதே. தொடக்கத்தில் அது விலங்கின் குடலிலிருந்துதான் செய்யப்பட்டது. பிரான்சின் லியோன் நகரில் பபோலா குடும்பத்தினர் 1875 இல் அத்தொழிலைத் தொடங்கினர். பின்னர் நைலோன் வந்தது. 1997 இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குவேர்ட்டன் பொலியெஸ்டர் நரம்போடு பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியை வென்றார். அதன் பின்னர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அதற்கு மாறினர். பந்தைச் சுழற்றி அடிப்பதற்கு அது நல்லது. ஆனால் விறைப்பானது, பந்து மோதும் அதிர்வைக் கைக்கே அனுப்பிவிடும். அறுவதற்கு முன்னரே அதன் துள்ளலும் போய்விடும். வளரும் பிள்ளையின் கைக்கு அது உகந்ததன்று.

நண்பரொருவர் நரம்பு பூட்டும் கருவியொன்றை இரவல் தந்தார். மின்சாரம் தேவையில்லை. நீண்ட தண்டு ஒன்று. அதிலே நகர்த்தக்கூடிய எடை ஒன்று. தண்டு கிடையாக நிற்கும்போது, நாம் குறித்த இழுவிசை நரம்பில் விழும். பழைய தூக்குத் தராசின் தத்துவந்தான்.

பேரனின் மட்டைக்கு, நெசவாளர் மொழியிற் சொன்னால், பாவு 16, ஊடு 19. ஏறத்தாழ 12 மீற்றர் நரம்பு தேவை. பழைய நரம்பை நடுவிலிருந்து வெளிப்புறமாக வெட்டிக் கழற்ற வேண்டும். புதியதை நடுவிலே தொடங்கி இடமும் வலமுமாக மாறிமாறி இழுத்துச் செல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டு போனால் சட்டகம் கோணிவிடும். குறுக்கு நரம்பு ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செல்லும். அடுத்த வரிசை அதற்கு எதிர்மாறாக.

எனக்கு முதல் முறை மூன்று மணித்தியாலங்கள் பிடித்தன. பதினோராவது வரிசையில் நிற்கும்போது ஏழாவதிற் பிழை கண்டேன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், ஒரு சொல் விடுபட்டதற்காகப் பந்தி முழுவதையும் கலைத்துக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். கழற்றினேன், மறுபடியும் பின்னினேன்.

இழுவிசையைத் தீர்மானிப்பதுதான் முக்கியம். சட்டகத்தில் 50 முதல் 60 இறாத்தல் வரை என்று அச்சிடப்பட்டிருந்தது. கடையில் 60 இறாத்தலிற் பூட்டியிருந்தார்கள். நான் மென்மையான பல்லிழை நைலோனை 50 இறாத்தலிற் பூட்டினேன். இறுக்கினாற் பலம் கூடும் என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. தளர்ந்த நரம்பே பந்தைக் கூடுதலான தூரம் அனுப்பும். இறுகிய நரம்பு தருவது கட்டுப்பாடு; அதையும் நடுவட்டத்தில் அடிக்கத் தெரிந்தவனுக்கே தரும். பியோர்ன் போர்க் தமது மர மட்டையை 80 இறாத்தல் அளவுக்கு இறுக்கினார் என்பது உண்மை. அது போர்க்கின் கை.

வலிக்கு நரம்பு மட்டுமே காரணம் என்று நான் வாதிடவில்லை. அடிக்கும் முறை, மட்டையின் எடை, ஓய்வின்மை ஆகியவையும் உண்டு. ஆயினும் பேரன் இப்போது நோவின்றி ஆடுகிறான்.

எல்லோரும் கருவி வாங்க வேண்டுமென்பதன்று என் கருத்து. ஆனால் பிள்ளையின் மட்டையைக் கடையிற் கொடுக்கும் பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: என்ன நரம்பு? எத்தனை இறாத்தல்? இவ்விரண்டையும் கேட்க வேண்டுமென்ற அறிவே, ஒருமுறை நானே பின்னிப் பார்த்த பின்னர்தான் எனக்கு வந்தது. சம்பியனின் நரம்பைப் பிள்ளையின் கையிற் கட்டிவிட்டு, அவன் சம்பியனாவான் என்று காத்திருப்பது அன்பாகாது.