வீணாகும் கோசுக்கு ஜாடியில் ஒரு வழி

முட்டைக்கோசு விலை சரியும்போது நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பயிரிட்டவர்களின் பாடு சொல்லி முடியாது. அறுப்புக்கூலி, சுமைகூலி, லாரி வாடகை எல்லாம் சேர்ந்தால் மண்டியில் கிடைக்கும் பணம் கட்டுவதில்லை. பாடுபட்டு வளர்த்த கோசை வயலிலேயே விட்டு உழுதுவிடுவோரும் உண்டு. விற்றால் உடனே விற்க வேண்டும், இல்லையேல் அழுகவிட வேண்டும் என்ற நிலை மாறாத வரை இந்த நஷ்டம் தீராது.

இதற்கு ஜெர்மானியக் குடியானவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாளும் வழி ஒன்று உண்டு. அதுவே 'சார்க்ராட்' எனும் புளித்த கோசு. அங்கு ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த ஃபில்டர் சமவெளியில், கூம்பு வடிவக் கோசை இதற்கென்றே பயிரிடுகின்றனர்.

செய்முறை எளிது. கோசின் மேல் இலைகளையும் நடுத்தண்டையும் நீக்கி, பொரியலுக்கு நறுக்குவதைவிடச் சன்னமாகச் சீவ வேண்டும். 10 கிலோவுக்கு 250 கிராம் உப்பு சேர்த்துப் பிசைந்தால், கோசிலிருந்தே நீர் விடும். அதைப் பீங்கான் ஜாடியில் அழுத்தி நிரப்பி, முழு இலையால் மூடி, மேலே சுத்தமான கனம் வைக்க வேண்டும். கோசு எப்போதும் உப்புநீருக்குள் அமிழ்ந்திருப்பது முக்கியம். உண்டாகும் வாயு வெளியேற வழி வேண்டும். அலுமினிய, இரும்புப் பாத்திரங்கள் உதவா. உப்பைக் குறைத்தால் கோசு குழைந்து கெடும். கூட்டினால் புளிப்பு ஏறாது. வினிகர் ஊற்றுவது வேறு சரக்கு. அது இதற்கு ஈடாகாது.

21 முதல் 24 டிகிரி வெப்பத்தில் 3, 4 வாரங்களிலும், 15 முதல் 18 டிகிரியில் 5, 6 வாரங்களிலும் பக்குவம் வரும். அதற்கு மேல் வெப்பம் போனால் கோசு மெதுவாகிவிடும். சமவெளிக் கோடைக்கு இது ஒத்துவராது. மலைக் குளிருக்கோ பொருத்தமானது. கோசு விளையும் இடமே அதைப் புளிக்க வைக்கவும் ஏற்றது என்பது இயற்கை தந்த வசதி.

புளிப்பைக் கண்டு தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. இட்லி மாவைப் பொங்கச் செய்யும் லூக்கோனாஸ்டாக் என்ற நுண்ணுயிரே சார்க்ராட்டிலும் முதலில் வேலையைத் தொடங்குகிறது. ஜெர்மனியில் இதை வெங்காயம், ஆப்பிள் சேர்த்து வேகவைக்கின்றனர், உருளைக்கிழங்குடன் உண்கின்றனர். ரஷ்யர் சூப் வைக்கின்றனர். போலந்துக்காரர் இறைச்சியுடன் சமைக்கின்றனர். இங்கு தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். உருளைக்கிழங்குக் கறியில் புளிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அப்போது உப்பைக் குறைத்துப் போட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளோர் அளவோடு உண்பது நல்லது.

"இதை யார் வாங்குவார்கள்?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கேப்டன் குக்கிடம் இருக்கிறது. 1768-ல் புறப்பட்ட கடற்பயணத்தில், ஸ்கர்வி நோயைத் தடுக்க அவர் புளித்த கோசை ஏற்றிச் சென்றார். மாலுமிகள் அதைத் தொட மறுத்தனர். குக் கட்டாயப்படுத்தவில்லை, நாள்தோறும் அதிகாரிகளின் சாப்பாட்டு மேஜையில் வைக்கச் செய்தார். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் கேட்கவே, அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே தொழிற்சாலைக்காகவோ மானியத்துக்காகவோ காத்திராமல், விலை விழும் பருவத்தில் ஒவ்வொரு விவசாயியும் தன் வீட்டில் ஒரு ஜாடி போட்டுப் பார்க்க வேண்டும். விளைவித்தவர் வீட்டு இலையில் இடம்பெறாத பண்டத்தை ஊரார் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். ருசி பழகிய பின் மகளிர் குழுக்கள் கூட்டாகச் செய்து விற்கலாம். சுத்தம், உப்பளவு, பக்குவம் ஆகியவற்றைக் கற்றுத் தருவது தோட்டக்கலைத் துறையின் கடமை. எல்லாக் கோசையும் இது காப்பாற்றிவிடாது. ஆனால் உழுது மூடப்படுவதில் ஒரு பங்கையேனும் உணவாக மாற்றும்.