வாழைமரத் தாளுக்கு விலைச்சீட்டு எதற்கு?



நம் தமிழ்ப்பள்ளிகளில் பழம்பொருள் கண்காட்சி என்றால், சப்பானியர் காலத்துப் பணத்தாளும் ஆங்கிலேயர் காலத்து வெள்ளி நாணயமும் தவறாமல் இடம்பெறுகின்றன. மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவருகின்றனர்; நாம் அட்டையில் ஒட்டி மேசைமேல் வைக்கின்றோம். நல்ல முயற்சிதானே என்பீர்கள். முயற்சி நல்லதுதான், முறைதான் கேடானது. ரவாங் வட்டாரத்தில் அண்மையில் நான் கண்ட ஒரு கண்காட்சியில், ஒவ்வொரு தாளின் கீழும் அதன் இன்றைய விலை எழுதப்பட்டிருந்தது. அதை ஈட்டியவர் யார், எந்தத் தோட்டத்தில் ஈட்டினார் என்று ஒரு வரிகூட இல்லை. மிக விலையுயர்ந்த தாளைக் கொண்டுவந்த மாணவனுக்குப் பரிசு வேறு! நாம் வரலாறு கற்பிக்கின்றோமா, அடகுக்கடை நடத்துகின்றோமா?

விலையைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம். 1942 முதல் 1945 வரை சப்பானிய ஆட்சி மலாயாவில் வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. அதனால்தான் மலாய் மொழியில் 'டுவிட் பீசாங்' என்ற பெயர் வந்தது. கேட்டவுடன் கொடுப்பதாகச் சப்பானிய அரசாங்கம் உறுதியளிப்பதாக அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். எதைக் கொடுக்க? பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. தொடக்கக்காலத் தாள்களில் வரிசை எண்ணாவது இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு, எழுத்துகளை மட்டும் இட்டு அச்சடித்துத் தள்ளினர். போர் முடியும் தறுவாயில் ஆயிரம் வெள்ளித் தாளே வந்துவிட்டது! 1945 செப்டம்பரில் திரும்பிவந்த ஆங்கிலேயர் அவை செல்லா என்றனர். இப்படி அளவின்றி அச்சிட்டதால்தான் அவை இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. வரிசை எண் இல்லாத சாதாரணத் தாளுக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை. புலனக் குழுக்களில் வரும் 'இலட்சாதிபதி'ச் செய்திகளை நம்பி, பாட்டியின் தகரப்பெட்டியைக் கிளறுவோர் இதை நினைவில் கொள்க.

சேகரிப்பாளர்களை நான் பழிக்கவில்லை. நாம் அடுப்பில் போட்டவற்றைக் காத்து வைத்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் அவர்கள் பார்ப்பது தாளின் மடிப்பையும் எழுத்து வரிசையையும். நாம் பார்க்க வேண்டியது வேறு.

செல்லாத தாளைத் தாத்தா ஏன் எறியாமல் வைத்திருந்தார்?

இந்தக் கேள்வியை எந்தப் பள்ளியிலாவது கேட்டோமா? தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட சயாம் மரண இரயில் பாதைக்கு, நல்ல கூலி, குறுகிய ஒப்பந்தம் என்று ஆசைகாட்டியும், பிறகு பிடித்திழுத்தும் நம் தோட்டத்து மக்களைக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. போனவர்களில் பல்லாயிரவர் மீளவில்லை. மீண்டவர்களின் கையில் எஞ்சிய கூலியும் 1945இல் வெறுங்காகிதமாயிற்று. அந்தக் காகிதத்தில்தான் நாம் விலைச்சீட்டு ஒட்டுகின்றோம்.

ரவாங் என்றதும், 1894இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்திய பெருமையைப் பேசுகின்றோம். பேசுவோம், தவறில்லை. ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர் எந்தக் காசில் கூலி வாங்கினார் என்பதும் இவ்வூர் வரலாறுதானே?

வெள்ளி நாணயங்களின் கதை இன்னும் வேதனை. 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி நாணயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி; 1919இல் அடித்ததில் பாதிதான். மலாயாவின் 1939, 1941ஆம் ஆண்டுப் பத்துக் காசில் முக்கால் பங்கு. 1943, 1945இல் பாதி. 1948இல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். ஒரு பேரரசு இளைத்த வரலாற்றை ஆறாம் ஆண்டு மாணவன் விழுக்காட்டுக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாமே! நாமோ அதை நகைக்கடையில் எடைக்குப் போடுகின்றோம். அல்லது கண்காட்சிக்காகப் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்கின்றோம். தேய்த்தால் மேற்பரப்பு சிதையும்; எழுத்தும் உருவமும் மழுங்கும். பணத்தாளைச் சூடான நெகிழித்தாளில் ஒட்டிப் பதிக்கும் ஆசிரியர்களும் உண்டு. ஒட்டியபின் அதைச் சேதமின்றிப் பிரிக்கவே முடியாது. ஐயா, அம்மா, அதை மட்டுமாவது நிறுத்துங்கள்.

"பாடத்திட்டத்தையே முடிக்க நேரமில்லை, இதற்கெங்கே போவது?" என்பது வழக்கமான மறுமொழி. அட்டையில் ஒட்டவும் விலை தேடவும் நேரம் இருந்ததே!

சப்பானியர் காலத்தைச் சொந்த நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பத்தைந்து வயதை ஒட்டியோ கடந்தோ இருப்பவர்கள். பள்ளி விடுமுறையில் பெற்றோர் பிள்ளைகளை அவர்களிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தத் தாள் யாருடையது, எந்தத் தோட்டத்தில் கிடைத்தது, அன்று இதற்கு என்ன வாங்க முடிந்தது, ஏன் எறியவில்லை என்று பிள்ளையே கேட்கட்டும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து, ஒரு பக்கம் தன் கையால் எழுதட்டும். அடுத்த கண்காட்சியில் விலைச்சீட்டு இருந்த இடத்தில் அந்தப் பக்கத்தை வைப்போம். தாளும் காசும் பார்த்து முடிந்ததும் அன்றே வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும்.